கெடிலம் நீலமாக ஓடியதில்லை

கேள்வி: 1980களிலிருந்து கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வெள்ளிக் கடற்கரை, கெடிலம் ஆற்றங்கரை, கேப்பர் மலை, தானே புயலில் அழிந்துபோன என் சித்தப்பாவின் முந்திரித் தோப்பு. வண்ணப் பிரிண்டுகள் எல்லாம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டன. "கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள் அப்பா, அழகாகிவிடும்" என்கிறாள் மகள். மகனோ, கெடிலத்தில் வெள்ளம் வந்தபோது நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செல்போன் செயலியில் வண்ணம் ஏற்றிக் காட்டினான். ஆறு நீலமாக இருந்தது. யார் சொல்வதைக் கேட்பது? எந்த அளவில் பிரிண்ட் போடுவது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் பிரிண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு நெகட்டிவ்களைத் தேடுங்கள். ஸ்டூடியோவில் தந்த உறையின் பின்மடிப்பில் துண்டு துண்டாக வெட்டிச் செருகியிருப்பார்கள். வண்ணப் பிரிண்டில் இருப்பவை மூன்று சாயங்கள்: சியான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள். அந்தக் காலத் தாள்களில், ஆல்பத்துக்குள் இருட்டிலேயே கிடந்தாலும் சியான்தான் முதலில் வெளிறும். அது போனால் படம் சிவந்துவிடும். உங்கள் செங்கல் நிறத்துக்குக் காரணம் இதுதான். நெகட்டிவ் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கெட்டிருக்காது.

கடலோர ஊர் என்பதால் நெகட்டிவ்மேல் சிலந்தி வலைபோல வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கலாம். தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின், அதாவது படத்தைத் தாங்கும் படலம், நீரில் கரைந்துவிடும். அழுக்கோடு படமும் போய்விடும். காற்றூதும் ரப்பர் பந்தால் தூசியை ஊதிவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். 4000 டிபிஐ (அங்குலத்துக்கு 4000 புள்ளிகள்) அளவில், தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 16 பிட்டில் 65,536. வெளிறிய படத்தை இழுத்துச் சீர் செய்யும்போது இந்தப் படிகள்தான் கைகொடுக்கும். ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் கீறல் நீக்கும் வசதி இருந்தால், கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அதை அணைத்துவிடுங்கள். ஃபிலிமில் உள்ள வெள்ளித் துகள்களையே தூசி என்று எண்ணி அது படத்தைக் கெடுத்துவிடும். ஸ்கேன் செய்த முதல் கோப்பில் கை வைக்காதீர்கள். எந்த வேலையும் அதன் நகலில்தான்.

இனி உங்கள் மகளின் யோசனைக்கு வருகிறேன். நிறம் கெட்டுவிட்டது என்பதற்காக ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவதை நான் ஏற்பதில்லை. அன்று எதைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினீர்கள் என்பதுதான் கேள்வி.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அதனால் வெள்ளிக் கடற்கரையில் காலையில் எடுத்த படங்களில் கட்டுமரமும் வலை இழுப்பவர்களும் ஒளிக்கு எதிரே கருநிழலாகத்தான் நிற்பார்கள். அங்கே உங்களை நிறுத்தியவை வடிவமும் ஒளியும். அவற்றைத் தயங்காமல் கறுப்பு வெள்ளையாக்குங்கள்.

எனக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. புதுச்சேரிக் கடற்கரையில், 1952 புயலில் விழுந்த பழைய பாலத்தின் மிச்சத் தூண்களை 1990களில் ஒரு விடியற்காலையில் வண்ண ஃபிலிமில் எடுத்தேன். வானத்தின் ஆரஞ்சு நிறத்துக்காகவே அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து, நிறத்தை நீக்கிப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே தண்ணீர் எழும்பி அடங்கும் வரிகள் அப்போதுதான் தெரிந்தன. இடமிருந்து மூன்றாவது தூணின் தலையில் ஒரு காகம், அலகைச் சற்றே திறந்தபடி. இத்தனை ஆண்டுகள் அது என் சுவரில்தான் இருந்திருக்கிறது!

மாற்றும்போது 'கறுப்பு வெள்ளை' பொத்தானை ஒரே தட்டாகத் தட்டிவிடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலிருந்தும் எவ்வளவு எடுப்பது என்று நாமே தீர்மானிக்கும் 'மோனோ மிக்ஸர்' இருக்கிறது. நல்ல நெகட்டிவ் என்றால் சிவப்பைக் கூட்டுங்கள். நீல வானம் கறுத்து மேகம் துலங்கும், தொலைவில் உள்ள மங்கல் குறையும். நெகட்டிவ் தொலைந்து வெளிறிய பிரிண்ட்தான் இருக்கிறது என்றால், சிவப்பை நம்பாதீர்கள். சிவப்பு ஒளியைத் தடுத்து நிழலைக் காட்டியது சியான் சாயம். அது போனதால் சிவப்புச் சானல், அதாவது படத்தின் சிவப்பு அளவை மட்டும் காட்டும் அடுக்கு, சலவைத் துணிபோல வெளுத்திருக்கும். பச்சைச் சானலை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் படம் அதில்தான் உயிரோடு இருக்கும்.

முந்திரித் தோப்பு வேறு வகை. அதை வண்ணத்தில்தான் மீட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், உங்கள் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. செம்மண்ணில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பழத்தையும் சிவப்புப் பழத்தையும் சாம்பல் நிறமாக்கினால், அந்தத் தோப்பை இரண்டாவது முறை இழக்கிறோம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. தானாக நிறம் திருத்தும் பொத்தானை அழுத்தினால், வெளிறியதால் வந்த சிவப்போடு மண்ணின் சொந்தச் சிவப்பையும் அது துடைத்துவிடும். தோப்பு சிமென்ட் தரைபோல ஆகிவிடும். படத்தில் உண்மையிலேயே வெள்ளையாக இருந்த ஒன்றைத் தேடுங்கள்: யாரோ ஒருவரின் வேட்டி, சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல். ஒளி அளவைத் திருத்தும் 'லெவல்ஸ்' கருவியில் ஒவ்வொரு சானலாக நகர்த்தி அந்த வேட்டியை வெள்ளையாக்குங்கள். பிறகு அடிமரத்து நிழலில் உள்ள சிவப்பைக் குறையுங்கள். மண் தானாகத் தன் நிறத்துக்கு வந்து நிற்கும். அதற்குமேல் நிறத்தைக் கூட்டத் தோன்றும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி பாருங்கள்.

மகனின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் வெள்ளப் படத்துக்கு வண்ணம் வேண்டாம். ஆறு என்றால் நீலம் என்று அந்தச் செயலி ஊகிக்கிறது. வெள்ளத்தில் கெடிலம் நீலமாக ஓடியதை நீங்களும் பார்த்ததில்லை, உங்கள் தந்தையும் பார்த்திருக்க மாட்டார். அந்த நெகட்டிவில் நிறம் பற்றிய செய்தி ஒரு துளியும் இல்லை. இல்லாததை எப்படி மீட்பது? மகனுக்கு வேறு வேலை கொடுங்கள். கரையை வெளுப்பாக்கி, சுழலின் ஓரங்களைக் கறுப்பாக்கி, உங்கள் மேற்பார்வையில் அதே படத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே மறுபடி உருவாக்கட்டும்.

இப்படி மறுபடி செய்வது தவறோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின்மேல் நிலா எழுவதை 1941இல் எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டார். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் முன்பைவிட மிகவும் கறுத்திருக்கிறது. இருபது வயதில் பாடிய கீர்த்தனையை அறுபதில் வேறு விதமாகப் பாடுவதில்லையா? ஒளியையும் நிழலையும் உங்கள் மனம்போல மாற்றுங்கள். ஆனால் பொருள்களைத் தொடாதீர்கள். 2004 சுனாமிக்கு முந்தைய வெள்ளிக் கடற்கரைப் படத்தில் குறுக்கே ஒரு மின்கம்பியோ ஓலைக் குடிசையோ இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும்.

பிரிண்ட் அளவு: 35 மி.மீ. நெகட்டிவை 4000 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் நீளவாட்டில் சுமார் 5,600 புள்ளிகள் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால் 18 அங்குலம் வரை தாங்கும். தோப்பை 12க்கு 18இல் பளபளக்காத மேட் தாளில் போடுங்கள். கட்டுமரப் படங்களுக்கு 8க்கு 12 போதும். அவற்றைக் கையில் எடுத்து அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சித்தப்பா வீட்டுக்கு ஒரு பிரதி கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் ஆண்டையும் ஊரையும் எழுதிக் கொடுங்கள்.