பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீர்: கொதிக்க வைத்தால் போதுமா?

கேள்வி: நாங்கள் உரும்பிராயில் இருக்கிறோம். வளவுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மூன்று தலைமுறையாகக் குடிக்கிறோம். ஒரு குறையும் வந்ததில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். தாய்ப்பால் போதாமல் பால்மாவும் கரைத்துக் கொடுக்கிறோம். கிணற்றிலிருந்து 30 அடியில் மலசலகூடக் குழி. வேலிக்கு அங்கால் வெங்காயத் தோட்டம். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் பாவிக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது, அம்மா. தண்ணீரைச் சோதித்து அறிக்கை வரும்வரை குழந்தையின் பால்மாவுக்கு அந்தக் கிணற்றில் அள்ள வேண்டாம். பெரியவர்கள் கொதித்தாறிய தண்ணீராகக் குடியுங்கள்.

கொதிக்க வைப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, வயிற்றோட்டம் ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் தண்ணீர் கொந்தளித்துக் கொதித்து ஒரு நிமிடத்தில் அழிந்துவிடும். ஆனால் தோட்டத்து யூரியாவிலிருந்தும் எருவிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நிலத்தடிக்கு இறங்கும் நைத்திரேற்று ஓர் உப்பு. அது ஆவியாகப் போகாது. ரசத்தை வற்றவிட்டால் உப்புக் கரிப்பதுபோல, கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு ஏறும். லீற்றருக்கு 60 மில்லிகிராம் இருந்த ஒரு லீற்றர் தண்ணீர் முக்கால் லீற்றராக வற்றினால் 80 ஆகிவிடும். குழந்தைக்கென்று கூடுதல் கவனத்தோடு நெடுநேரம் கொதிக்க வைக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும் பக்ரீரியா மேல் குடல்வரை பெருகிவிடும். நைத்திரைற்று இரத்தத்தில் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அதைச் சுமக்க முடியாத வடிவுக்கு மாற்றிவிடும். ஒட்சிசன் போதாமல் குழந்தையின் உடம்பு நீலம் பாயும். இதுதான் நீலக்குழந்தை நோய். பெரியவர்களின் உடம்பில் இதைத் திருத்துகிற நொதியம் தாராளமாக உண்டு. பச்சைக் குழந்தையில் அதில் ஏறக்குறைய பாதிதான். வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அவர் கண்டதும் பண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து ஊட்டப்பட்ட சிசுக்களையே.

எங்கள் குழந்தைகளின் நிறத்தில் உடம்பு நீலமாவது எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, நகத்தின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். அவை சாம்பலோ நீலமோ பாய்ந்து, குழந்தை சோர்ந்து, மூச்சு வேகமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்தோம் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு போனால் மருந்து உண்டு.

"மூன்று தலைமுறை குடித்தோம்" என்பது உண்மைதான். ஆனால் உங்கள் அம்மம்மா குடித்த தண்ணீர் இதுவல்ல. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு இந்த அளவு யூரியா இல்லை, சுற்றிவர இத்தனை குழிகளும் இல்லை. அந்தத் தலைமுறைக் குழந்தைகள் தாய்ப்பாலில் வளர்ந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் ஊர் அடங்கிய வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று வரம்பை மீறுவது 1980களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகிவருகிறது.

காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. செம்மண் சில அடிதான். அதன் கீழ் முழுக்க வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மண்ணில் ஊறும் தண்ணீர் மெல்லமெல்ல வடிகட்டப்படும். கல்வெடிப்பில் ஓடும் தண்ணீருக்கு அந்த வசதி கிடைக்காது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது பொது விதி. இந்தக் கல்லில் அந்த 50 அடியே உத்தரவாதமில்லை. உங்களுக்கு இருப்பது 30. உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஒன்றரைப் பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் குழியும் என்று நெருங்கிவிட்ட இடங்களில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குழிதான் கிட்ட இருக்கும்.

சுன்னாகத்தில் 2014, 2015 அளவில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது நினைவிருக்கும். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. எண்ணெய் மணத்ததால் சனம் கண்டுபிடித்தது, முறையிட்டது. நைத்திரேற்றுக்கு மணமில்லை, நிறமில்லை, இந்த அளவுகளில் ருசியுமில்லை. சோதனை ஒன்றுதான் வழி.

நைத்திரேற்று, ஈ.கோலி (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), மின்கடத்துதிறன், குளோரைட்டு ஆகிய நான்கையும் கேளுங்கள். பின்னைய இரண்டும் உவர் ஏறுகிறதா என்று காட்டும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் பேசுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலையே பாவியுங்கள். அதைக் கழுவவோ மூடியின் உட்புறத்தைத் தொடவோ வேண்டாம். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கிருமியும் நைத்திரேற்றும் மாரி மழை பெய்து கிணறு ஏறும் காலத்தில் கூடலாம்; உவர் கோடை முற்றும்போது தெரியும். ஆகவே கோடையில் எடுத்த ஒரு நல்ல அறிக்கையை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் நிம்மதியாக இருக்க முடியாது.

அறிக்கையை வாசிக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாக எழுதாமல் அதிலுள்ள நைதரசனின் அளவை மட்டும் எழுதும். அப்படியானால் வரம்பு 50 அல்ல, 11.3. நைதரசன் 15 என்று போட்டிருந்தால், "50க்குக் குறைவுதானே" என்று விட்டுவிடாதீர்கள், 4.43ஆல் பெருக்கினால் நைத்திரேற்று 66க்கு மேல். எந்த அளவில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டே வாங்குங்கள். ஈ.கோலி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குழந்தைக்கு இப்போதைக்கு எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள போத்தல் தண்ணீரையோ, சுத்தமான கூரையில் முதல் மழையை ஓடவிட்டுப் பிடித்த மழைநீரையோ கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஆர்.ஓ. (நுண்சவ்வில் வடிகட்டிய) தண்ணீர் என்றால் வடிகட்டி வெளியே வரும் தண்ணீரைச் சோதித்த அறிக்கை இருக்க வேண்டும். மண் வடிகட்டியும் கரி வடிகட்டியும் நைத்திரேற்றைப் பிடிக்காது. மகள் குடிக்கும் தண்ணீரிலுள்ள நைத்திரேற்று தாய்ப்பாலில் பெரிதாகச் சேர்வதில்லை. எனவே குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் குழந்தையை அணைத்துப் பாலூட்டும் முறையைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் போதாது என்று எண்ணும் தாய்மார் பலருக்கு இந்த உதவியோடு பால் கூடுகிறது. எனக்கு இதுவே முதல் விருப்பம்.

கேத்தலில் படியும் வெள்ளைக் கல்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அது சுண்ணாம்பு, இந்த ஆபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிருமி கண்டால் குளோரீன் போடலாம். 2.5 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,800 லீற்றர் இருக்கும். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 25 கிராம் நல்ல குளோரீன் தூள். அதை வாளியில் கரைத்து, மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணிநேரம் அள்ளாதீர்கள். இரவில் போட்டால் நல்லது. ஆனால் குழி கசிந்துகொண்டிருக்கும்வரை கிருமி சில நாளில் திரும்பிவிடும். அடித்தளம் சீமெந்தால் பூசிய கசியாத தொட்டியாக அந்தக் குழியை மாற்றி, அதிலிருந்து வழியும் நீரைக் கிணற்றுக்கு மிகத் தூரமான மூலைக்குக் கொண்டுபோவதற்கு இப்போதே மேசனோடு பேசுங்கள். மாரி தொடங்கினால் குழி வெட்ட முடியாது.