முத்திரை பிடித்தால் மெனு திறக்கிறது

கேள்வி: கோண்டாவிலில் வீட்டோடு பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். ரொறன்ரோவில் இருக்கிற அக்காவின் மகள் (வயது 14) வட்ஸ்அப் வீடியோவில் என்னிடம் பழகுகிறாள். அவளிடம் மெட்டா குவெஸ்ட் 3எஸ் (தலையில் மாட்டும் வீஆர் ஹெட்செட்) இருக்கிறது. "சித்தி, நீங்களும் ஒன்று வாங்குங்கோ. வீஆர்சாட் செயலியில் ஒரே மெய்நிகர் மண்டபத்தில் நின்று ஆடலாம், விரலெல்லாம் தெரியும்" என்கிறாள். நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தான் வருகிறார், அவரிடம் சொல்லி விடலாம். இதற்கிடையில் யாழ் நகரில் ஒரு கடையில் பாவித்த வால்வ் இன்டெக்ஸ் கொன்ட்ரோலர் (வேறொரு வீஆர் ஹெட்செட்டின் கைப்பிடி) சோடி ஒன்றைக் காட்டி, "ஐந்து விரலும் தனித்தனியே காட்டுவது இதுதான், குவெஸ்டுக்கும் போடலாம்" என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்தக் கொன்ட்ரோலரை விட்டுவிடுங்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2019இல் வந்த இன்டெக்ஸ் கொன்ட்ரோலர் ஒவ்வொன்றிலும் 87 உணரிகள் இருக்கின்றன, விரல்களைத் தனித்தனியேதான் காட்டும். சொல்லாமல் விட்ட மற்றப் பாதிதான் காசு தின்னும். அது வேலை செய்ய அறையின் மூலைகளில் லேசர் வீசும் பேஸ் ஸ்டேஷன்கள் வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். குவெஸ்டோடு நேரே இணைக்க முடியாது. கணினியை நடுவில் வைத்துப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அது பொழுதுபோக்காகத் தட்டிக்கொண்டிருப்பவர்களின் வேலை, வகுப்பு எடுக்கிறவருக்கு உரியதல்ல.

விரல் தெரிய நீங்கள் தனியாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. குவெஸ்ட் 3எஸ்ஸின் முகப்பிலுள்ள கமராக்களே வெறுங்கையைப் பார்த்து விரல் மடிப்பைக் கணிக்கும். வீஆர்சாட்டிலும் அது வேலை செய்யும். ஆனால் எந்த முத்திரை தெரியும், எது தெரியாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெட்டியோடு வரும் கொன்ட்ரோலரைப் பிடித்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தனியாக அசையும். மற்ற மூன்றும் ஒரே பொத்தானோடு சேர்ந்து மடியும். வீஆர்சாட்டில் உள்ள கைக் குறிகளைப் பாருங்கள்: மூடிய கை, சுட்டும் விரல், உயர்த்திய கட்டைவிரல். முஷ்டி, சூசி, சிகரம் என்று உங்களுக்குத் தெரிந்தவைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். திரிபதாகத்துக்கு மோதிர விரலை மட்டும் மடிக்க வேண்டும், அது வராது. ஒற்றைக்கை முத்திரை 28இல் இப்படி எத்தனை மிஞ்சும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கொன்ட்ரோலரை வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டினால் விரல்களை ஒட்டி நீட்டும் பதாகமும், திரிபதாகமும் நன்றாகவே வரும். அலபத்மத்தில் விரல்கள் சுழன்று விரியும்போது ஒன்றையொன்று மறைப்பதால் கமரா தடுமாறும். இரட்டைக்கை முத்திரைகளில்தான் பெரிய சிக்கல். அஞ்சலியில் கைகள் ஒட்டியதும், கர்க்கடகத்தில் விரல்கள் கோத்ததும் எது எந்த விரல் என்று கமராவுக்குத் தெரியாது. பெறாமகளின் பக்கத்தில் உங்கள் கைகள் துடிக்கும், சில வேளை ஒரு கையே காணாமல் போகும். கையைத் தலைக்குப் பின்னாலோ இடுப்புக்குப் பின்னாலோ கொண்டுபோனாலும் அப்படித்தான். இன்னொரு வேடிக்கை: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடுவதை குவெஸ்ட் 'தெரிவு செய்' என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்க, அந்த இரு விரல்களும் தொடும் அம்சாஸ்யம் பிடித்தால், முகபாவம் காட்டுகிற நேரத்தில் மெனு வந்து முன்னால் நிற்கும்.

கால்களைப் பற்றி பெறாமகள் சொல்ல மறந்துவிட்டாள் போலும். ஹெட்செட் உங்கள் பாதங்களைப் பார்ப்பதில்லை. தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, கால் எங்கே இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. நீங்கள் பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு தட்டினால் அவளுக்குத் தெரிவது அந்த ஊகம். முழங்காலை வெளியே திருப்பி மடிக்கும் அரைமண்டி போட்டால் தலை தாழ்ந்ததைக் கண்டு உருவம் குந்திக்கொள்ளும், முழங்கால் வெளித் திரும்பியதா என்று பார்க்க வழியில்லை. ஆகவே அடவு திருத்துவதற்கு வட்ஸ்அப் வீடியோவே மேல் என்பது என் எண்ணம். பிள்ளையோடு ஒரே இடத்தில் நிற்பதுபோன்ற உணர்வுக்காக என்றால், தாராளமாக வாங்குங்கள்.

வாங்குவதானால் அத்தான் கொண்டுவருவது நல்லது. மெட்டா நேரடியாக விற்கும் நாடுகளில் இலங்கை இல்லை, இங்கே கடைகளில் இருப்பவை யாரோ இறக்கியவை. 3எஸ் 2024 ஒக்டோபரில் வெளிவந்தபோது 128 ஜீபி அமெரிக்காவில் சுமார் 300 டொலர். உள்ளூர் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இறக்குமதித் தீர்வையும் 18 வீத வற் வரியும் சேர்ந்திருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். அத்தான் கொண்டுவந்தால் உத்தரவாதம் கனடாவில்தான், பில்லை அக்காவே வைத்திருக்கட்டும். திறந்து போட்டுப் பார்த்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள்.

வந்ததும் இரண்டு காரியம். கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மின்குமிழின் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு கமராவைக் குழப்பும் என்பதால் கண்காணிப்பு அலைவெண்ணுக்கு ஒரு அமைப்பு உண்டு. கை நடுங்கினால் அங்கே 50 என்று மாற்றிப் பாருங்கள். 3எஸ்ஸில் அகச்சிவப்பு விளக்கு இருப்பதால் மங்கலிலும் ஓரளவு பார்க்கும். விறாந்தையில் வெயில் படும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். கண் வைக்கிற வில்லைக்குள் சூரிய ஒளி குவிந்தால் திரை எரிந்துபோகும், அந்தப் புள்ளி பிறகு போகாது.

கேள்வி: சாவகச்சேரியில் ஒருவர் பாவித்த குவெஸ்ட் விற்கிறார். அதிலும் விரல் தெரியுமா?

பதில்: எந்தக் குவெஸ்ட் என்று கேளுங்கள். 2019இல் வந்த முதல் குவெஸ்ட் என்றால் வேண்டாம், வீஆர்சாட் அதில் இப்போது ஓடாது. குவெஸ்ட் 2 என்றால் விரல் தெரியும், நல்ல வெளிச்சம் வேண்டும். உங்கள் முன்னாலேயே பழைய கணக்கை நீக்கி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு நீங்களே போட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பாருங்கள். கொன்ட்ரோலரைத் தொடாமல் கை ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் அமைப்பில் கை கண்காணிப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் கமராவில் பிழை. கடையில் வாங்கி ஏமாந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. தனியாளிடம் வாங்கினால் அந்த வழி அவ்வளவாக உதவாது, அதனால் காசு கொடுக்க முன்னர் அரை மணித்தியாலம் போட்டுப் பாருங்கள்.