சாமி காபி குடிக்குமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி விவேகானந்தரைப் படிக்கிறோம். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். போன கூட்டத்தில் ஒரு பெண், “சுவாமிஜி ஊர் ஊராகச் சுற்றினாரே, வழியில் என்ன சாப்பிட்டிருப்பார்? ரயிலுக்குக் காசு யார் கொடுத்தது? பையில் என்ன வைத்திருந்தார்?” என்று கேட்டார். இன்னொருவர், “ஹூக்கா பிடிப்பாராமே” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், எங்கள் குழுவின் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மகானிடம் ஞானத்தைக் கேளுங்கள். அவர் என்ன தின்றார், என்ன குடித்தார் என்பதெல்லாம் அபசாரம்” என்றார். கூட்டம் பாதியிலேயே கலைந்தது. அவர் புகை பிடித்தது உண்மையா? இப்படியெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது தப்பா?

எம்., கோவில்பட்டி.

அன்புள்ள எம். அவர்களுக்கு,

உண்மைதான். ஹூக்கா, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே உண்டு. ஒளித்துச் செய்ததும் இல்லை. உங்கள் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இதையும் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு சாமியார் வந்து ஒரு நாள் தங்கினார். வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவருடைய ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும், விரிக்கிற பாய் புதிதாக இருக்க வேண்டும். எங்கள் அத்தை அதை முழுக்கப் படித்துவிட்டு, “சாமி காபி குடிக்குமா? அதைப் போடலையே” என்றாள். சாமி குடித்தார், இரண்டு தடவை. அன்று மாலை அவர் கீதையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் ஒரு வரிகூட அத்தைக்கு நினைவில்லை. காபியைப் பற்றி மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் உங்கள் குழுவில் கேட்ட பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். கூடவே ஒன்றையும் கவனித்தேன். அந்தக் காபிக் கதையில் சாமியை விட எங்கள் வீடுதான் அதிகமாகத் தெரியும்.

விவேகானந்தர் விஷயத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 1890 முதல் 1893 வரை அவர் சுற்றியபோது டைரி எழுதவில்லை. பின்னால் அவர் புகழ் பெற்றபிறகுதான், அவருக்கு முன்பு சோறு போட்டவர்கள் உட்கார்ந்து நினைவுகளை எழுதினார்கள். எங்கே தங்கள் வீட்டு வழக்கத்தோடு அவர் இடித்தாரோ, அந்த இடம்தான் ஒவ்வொருவருக்கும் அழுத்தமாக நினைவில் இருந்திருக்கிறது.

பெல்காமில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1892 அக்டோபர். பாடே என்ற மராத்தி வக்கீல் வீட்டில் தங்குகிறார். அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த அவர் மகன் பிற்பாடு எழுதிய நினைவுகள் படிக்க ருசியானவை. காவி கட்டியிருக்கிறார், ஆனால் மேலே பனியன். கையில் தண்டம் இல்லை, வாக்கிங் ஸ்டிக் மாதிரி ஒரு நீளக் கம்பு. சாமான் என்று பார்த்தால் ஒரு சுரைக்குடுக்கை, சட்டைப்பை அளவில் ஒரு கீதை, இன்னும் ஓரிரு புத்தகங்கள். முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை பாக்கு கேட்டார். அன்றோ மறுநாளோ, மெல்லுவதற்குப் புகையிலை கேட்டார். வீடே அதிர்ந்துபோயிற்று. சந்நியாசி கேட்கிற பொருளா அது? போதாக்குறைக்கு அவர் பிராமணரும் இல்லை. சைவமா அசைவமா என்று கேட்டார்கள். நான் பரமஹம்ச வகைச் சந்நியாசி, எனக்கு அந்தத் தேர்வே கிடையாது, கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், கொடுக்காவிட்டால் பட்டினி என்றார். இந்து அல்லாதவர் கொடுத்தால்? முஸ்லிம்கள் வீட்டில் பல தடவை சாப்பிட்டிருக்கிறேன் என்றார்.

சாப்பாடு பற்றிக் கேட்ட கேள்வி மூன்றாவது அடியிலேயே சாதிக்கு வந்து நின்றுவிட்டது பாருங்கள். பெரியவர் இதை அபசாரம் என்கிறார். எனக்கென்னவோ இதுதான் சரியான கேள்வி என்று படுகிறது. அந்தக் காலத்தில், ஏன் நேற்றுவரைக்கும், யார் கையால் வாங்கிச் சாப்பிடலாம், யாரோடு ஒரே குழாயில் புகை இழுக்கலாம் என்பதில்தான் சாதி உயிரோடு இருந்தது. வட நாட்டில் ஒருவனைச் சாதியை விட்டு ஒதுக்குவதற்குப் பெயரே ‘ஹூக்கா பானி பந்த்’. புகையும் இல்லை, தண்ணியும் இல்லை. நம் கிராமங்களில் நெருப்பும் தண்ணியும் நிறுத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா நாள் முழுக்க வெற்றிலை போடுவார். அடுத்தவர் வெற்றிலைப் பெட்டியில் கைவைத்து நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்கும் வயது வந்தபோது தாத்தா இல்லை.

ஹூக்கா கதை கல்கத்தாவில், அவர் அப்பா விசுவநாத தத்தரின் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பிக்கிறது. தத்தர் வக்கீல். எல்லாச் சாதிக் கட்சிக்காரர்களும் வருவார்கள். அதனால் சாதிக்கு ஒன்றாக ஹூக்காக்கள் வரிசையாக இருக்கும். சின்னப் பையன் நரேன் (சுவாமியின் இளவயதுப் பெயர்) ஒருநாள் ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்த்தான். என்னடா செய்கிறாய் என்று அப்பா கேட்க, சாதி போனால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன் என்றான். பக்தர்கள் இதைக் குறும்புக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது.

பிருந்தாவனத்துக்கு நடந்து போகிறார், 1888-ல். வழியில் ஒருவன் சிலிம் என்ற மண் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். களைப்பு. ஓர் இழுப்புக் கொடப்பா என்று கேட்கிறார். “மகராஜ், நான் பங்கி” என்கிறான் அவன். மலம் அள்ளும் சாதி. இவர் கையை இழுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார். ஆமாம், நடந்துவிடுகிறார். கொஞ்ச தூரம் போனபிறகுதான் உறைக்கிறது. சாதி, குலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சந்நியாசம் வாங்கியவன், ஒரு சிலிமைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டேனே! திரும்பி வந்து, அவன் மறுக்க மறுக்க, அதை நிரப்பித் தரச்சொல்லி வாங்கிப் புகைத்துவிட்டுத்தான் போனார். இதை அவரே பின்னால் சீடர்களுக்குச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது அந்தக் கொஞ்ச தூரம். சின்ன வயதில் அத்தனை ஹூக்காவையும் இழுத்துப் பார்த்த அதே ஆள், வளர்ந்து காவி கட்டியபிறகு கையை இழுத்துக்கொண்டார். அதை மறைக்காமல் சொல்லவும் செய்தார். “அவரும் நம்மைப்போலப் புகைத்தார்” என்று சந்தோஷப்படுகிறவர்களும், “மகான் புகைப்பாரா” என்று பதறுகிறவர்களும் இந்த இடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். காசு வைத்துக்கொள்ளமாட்டார். தங்கிய வீட்டுக்காரர் அடுத்த ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். 1892 வாக்கில் பம்பாயில் ரயிலேறியபோது அதே பெட்டியில் திலகர் இருந்தார். கூட்டிக்கொண்டு போய்ப் புனாவில் தன் வீட்டில் எட்டுப் பத்து நாள் வைத்திருந்தார். பெயர் கேட்டால் நான் ஒரு சந்நியாசி என்பதோடு சரி. கையில் காசு என்று எதுவும் இல்லை, ஒரு மான்தோல், ஒன்றிரண்டு துணி, ஒரு கமண்டலம், இவைதான் சொத்து என்று திலகர் குறித்திருக்கிறார். புத்தகம் என்றால் கீதையும், தாமஸ் ஆ கெம்பிஸ் எழுதிய கிறிஸ்தவ பக்தி நூலும் கூடவே போகும். மைசூரில் மகாராஜா விலை உயர்ந்த பரிசுகளை நீட்டியபோது, உலோகம் இல்லாத சாதாரண ஹூக்கா ஒன்று போதும் என்றார். பழக்கத்தை விடவும் இல்லை, அதைக் காட்டி ராஜ உபசாரம் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

நகரத்தில் மூன்று நாளுக்கு மேல், கிராமத்தில் ஒரு நாளுக்கு மேல் சந்நியாசி தங்கக் கூடாது என்று பெல்காமில் சொன்னவர், இரண்டு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் ஒரே வீட்டில் ஒன்பது நாள் இருந்தார். விதி எல்லாம் வீட்டுக்காரர்களின் அன்புக்கு முன்னால் நிற்காது போலிருக்கிறது.

அந்தத் திருவனந்தபுரம் வீடு பேராசிரியர் சுந்தரராம ஐயருடையது. திருவிதாங்கூர் இளவரசருக்குப் பாடம் சொன்னவர். சுவாமி கொச்சியிலிருந்து வருகிறார், கூட வழிகாட்டியாகக் கொச்சி சமஸ்தானத்தின் முஸ்லிம் பியூன் ஒருவர். வாசலில் பார்த்த ஐயரின் பன்னிரண்டு வயது மகன், வந்தவர் இருவருமே முஸ்லிம் என்று நினைத்து உள்ளே போய் அப்படியே சொல்லிவிட்டான். தெற்கே சாமியார்கள் அப்படி உடுத்துவதில்லை. மாடிக்குக் கூட்டிப்போனதும் அவர் கேட்ட முதல் காரியங்களில் ஒன்று, அந்தப் பியூனுக்குச் சாப்பாடு. பேச்சுவாக்கில்தான் ஐயருக்குத் தெரிகிறது, இரண்டு நாளாகக் கொஞ்சம் பாலைத் தவிர இவர் எதுவுமே சாப்பிடவில்லை. பியூன் சாப்பிட்டு விடைபெற்றுப் போகும்வரை தனக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. 1892-ல், திருவனந்தபுரத்தில், ஓர் ஐயர் வீட்டில் வந்து இறங்கிய உடனே இது. உங்கள் குழுவில் ஒருநாள் இதை மட்டும் எடுத்து வைத்துப் பேசுங்கள். பெரியவரும் பேசுவார் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவுக்குக் கிளம்பியபிறகு நிலைமை தலைகீழ். பெட்டி, துணிமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது கப்பலிலேயே அவருக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. 1893 ஆகஸ்டில் மாசசூசெட்ஸிலிருந்து சென்னைக்கு, அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு வருகிறது. ஒரு நாளைக்கு ஓர் ஆங்கிலப் பவுண்டு செலவாகிறது, ஒரு சுருட்டு நம் காசில் எட்டணா. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கி அவர் பயணத்துக்குப் பணம் திரட்டியவர்களில் முதல் ஆள் அளசிங்கர். பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் போய் எட்டணாச் சுருட்டுக் கணக்கு! அப்படிச் சொல்லக்கூடிய உறவு அவர்களுக்குள் இருந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது சென்னை என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது சந்தோஷமான கதை. 1897 பிப்ரவரியில் ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கிவிட்டுக் கப்பலில் கல்கத்தா கிளம்புகிறார். தண்ணீருக்குப் பதில் இளநீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள் வைத்தியர்கள். இது எப்படியோ ஊருக்குத் தெரிந்துபோயிற்று. குலை குலையாக இளநீர் கப்பலில் ஏறிக்கொண்டே இருந்தது. கூட வந்த ஆங்கிலேயச் சீடர் திருமதி சேவியர், இது சரக்குக் கப்பலா என்று கேட்டுவிட்டார். இல்லை, எல்லாம் எனக்குத்தான் என்றார் சுவாமி. பக்தர்களின் அக்கறை அளவு மீறினால் இளநீராகவாவது இருக்கட்டும்.

கடைசியாக அளசிங்கர் பற்றி இன்னொன்று. 1899-ல் சுவாமி இரண்டாம் முறை மேல்நாட்டுக்குப் போகிறார். கோல்கொண்டா என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து நின்றது. கல்கத்தாவில் பிளேக் என்பதால் கரையில் இறங்க விடவில்லை. படகுகளில் வந்து பார்த்தார்கள். அளசிங்கருக்கோ தன் பத்திரிகை விஷயமாக நிறையப் பேச வேண்டியிருந்தது. என்ன செய்தார் தெரியுமா? கொழும்புக்கு டிக்கெட் வாங்கி அதே கப்பலில் ஏறிவிட்டார். இதுவரை சொன்னதெல்லாம் பக்தர்கள் குருவைக் கவனித்தது. இந்தத் தடவை குரு பக்தரைக் கவனித்தார். வங்காளிப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதிய பயணக் கட்டுரையில் இருக்கிறது. மழித்த தலை, நெற்றி நிறையத் தென்கலை நாமம், வேட்டி, வெறுங்கால், ரசம் சாப்பிடுகிற மைசூர் பிராமணர் என்று கேலி செய்துகொண்டே வருகிறார். கையில் இரண்டு சின்ன மூட்டை. ஒன்றில் வறுத்த அவல், இன்னொன்றில் பொரியும் வறுத்த பட்டாணியும். கப்பல் சாப்பாட்டைத் தொடாமல் இலங்கைவரை இதையே தின்றுகொண்டு போனால் சாதி பத்திரமாக இருக்கும் என்பது அளசிங்கரின் கணக்கு. முன்பு ஒருமுறை இலங்கை போய்வந்து சாதிக்காரர்களிடம் சிக்கல் பட்டவர்.

சிலிம் வாங்கத் திரும்பி நடந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த மூட்டைகளைப் பார்த்திருக்கிறார். சிரித்திருக்கிறார். சாதிக் கட்டுப்பாட்டையும் கொஞ்சம் கிண்டல் செய்திருக்கிறார். அதே கட்டுரையில், நம் அளசிங்கரைப் போல இத்தனை தன்னலமில்லாத, உழைக்கிற ஆளை உலகத்தில் காண்பது அரிது என்றும் எழுதியிருக்கிறார்.