டெராஹெர்ட்ஸ் ப்ளோயரை முட்டியில் காட்டலாமுங்களா?

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்: "எங்க அம்மிச்சிக்கு 71 வயசு. முட்டிவலி, 15 வருசமா சர்க்கரை வேற. சொந்தக்காரர் ஒருத்தர் டெராஹெர்ட்ஸ் ப்ளோயர் கொண்டுவந்து, முட்டியிலயும் பாதத்துலயும் தினம் அரை மணி நேரம் காட்டச் சொல்றாருங்க. கதிர்வீச்சால கேன்சர் கீன்சர் வருமுங்களா?"

கேன்சர் பயம் வேண்டாம். டெராஹெர்ட்ஸ் என்பது மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் நடுவில் உள்ள கதிர்; அதை விடுவதாகச் சொல்லி விற்கும், ஹேர் டிரையர் மாதிரி சூடான காற்றை ஊதும் கருவிதான் இந்த ப்ளோயர். பயப்பட வேண்டியது அதன் ஊதுகுழாயில் வரும் சூட்டுக்குத்தான்.

1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானின் (கதிரின் ஒரு துணுக்கின்) ஆற்றல் சுமார் 0.004 எலக்ட்ரான் வோல்ட். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்து டிஎன்ஏவைக் கெடுக்க 10 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்காவது வேண்டும். எக்ஸ்ரேயின் தெம்பு இதற்கு இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவில் கடுமையான டெராஹெர்ட்ஸ் துடிப்புகளைப் பாய்ச்சியபோது டிஎன்ஏ சேதத்தின் அடையாளங்கள் தெரிந்ததாக 2013இல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அந்தத் துடிப்பு லேசர் வைத்து உண்டாக்குவது. ஹீட்டர் சுருளில் வராது.

வலிக்கும் உதவாது. உடம்பிலுள்ள தண்ணீர் இந்தக் கதிரை விழுங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் தோலிலேயே தீர்ந்துவிடுகிறது. மூட்டு கிடப்பதோ சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே. ப்ளோயரில் வேலை செய்வது ஹீட்டரும் விசிறியும். கொதிக்கும் இட்லிப் பானையும் இதே கதிரைக் கொஞ்சம் விடத்தான் செய்கிறது.

விற்பவர்கள் 'டெராஹெர்ட்ஸ் கல்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, அதன்மேல் ஐஸ் வைத்து உருக்கிக் காட்டியிருப்பார்களே? அந்தக் கல் பெரும்பாலும் சிலிக்கான். கண்ணாடியைவிட நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கையின் சூடும் அறையின் சூடும் ஐஸுக்குப் போய்விடுகிறது. கனமான அலுமினியத் தட்டில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் கிடுகிடுவென உருகும்.

இனி சூடு. தோலின் வெப்பம் 44 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் நின்றாலே புண்ணாகும். 60 டிகிரி என்றால் சுமார் 5 விநாடி போதும். நமக்குச் சுட்டால் காலை இழுத்துக்கொள்வோம். பல வருட சர்க்கரையில் பாத நரம்பு மரத்திருந்தால் அம்மிச்சிக்குச் சுடுவதே தெரியாது. களத்தில் வெறுங்காலோடு மஞ்சள் காயப்போட்டு வெடித்த குதிகால் என்றால் புண் இன்னும் சுருக்க வரும், ஆறவும் மாட்டாது.

ஆகவே பாதத்தில் காட்டவே வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமெண்ட் என்ற நைலான் இழையால் பாத உணர்ச்சியை டாக்டரிடம் சோதித்துவிடுங்கள். சில நிமிட வேலை. முட்டிக்கு இதமாக இருக்கிறது என்றால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டியபடி 5 நிமிடம். முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் காட்டிப் பாருங்கள். சூடு படும் இடத்தில் தெர்மாமீட்டர் வைத்து, 40 டிகிரி தாண்டினால் ப்ளோயரை இன்னும் விலக்குங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது 42 வாக்கிலேயே நின்றுவிடும். கண் பக்கம் கூடவே கூடாது. முட்டிக்கு உருப்படியான வழி, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் தொடைத் தசைப் பயிற்சிதான்.

கொப்புளம் கிளம்பினால் உடைக்காமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டி, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மஞ்சள், பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். விற்பவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால், இன்றிரவு வேளையைத் தவறவிடாமல் கொடுத்துவிடுங்கள்.