"எதுவா இருந்தாலும் ஓகேம்மா"

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது, பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. தரவரிசை, வேலைவாய்ப்பு, தூரம் எல்லாம் பார்த்து நானும் கணவரும் பதினோரு கல்லூரிகளைப் பட்டியல் போட்டிருக்கிறோம். காட்டினால் "எதுவா இருந்தாலும் ஓகேம்மா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொள்கிறாள். தோழி சேரப்போகும் கல்லூரியின் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னாள். நாங்களே முடிவெடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தேடியது நீங்கள், கழித்துக்கட்டியது நீங்கள், அவளுக்கு மிச்சம் இருப்பது தலையாட்டுகிற வேலைதான், அதற்கு 'ஓகேம்மா' தாராளம்.

பட்டியலைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். முதலில் பாடம், அப்புறம் கல்லூரி. பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடத்துவது இடத்துக்கு இடம் மாறும். இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எடுத்து, பொதுப் பாடங்கள் நிறைந்த முதல் வருஷத்தை விட்டுவிட்டு, கடைசி வருஷத் தாள்களின் தலைப்புகளை அவளையே படிக்கச் சொல்லுங்கள். எதைப் பார்த்ததும் நிமிர்கிறாள், எதற்குக் கொட்டாவி விடுகிறாள் என்பதில் பாதி பதில் வந்துவிடும்.

தரவரிசையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும், 2003இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியலில், பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பரிசுக்கும் மட்டும் 30 சதவீத மதிப்பெண். உங்கள் மகளுக்கு முதல் வருஷக் கணக்கை யார், எப்படி நடத்துவார் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், தான் கொடுத்த புள்ளிவிவரங்களை அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் ஒருவர் கேள்வி கேட்ட பிறகு, 2022இல் ஒரு பட்டியலில் 2ஆம் இடத்திலிருந்து 18க்குப் போனது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வகுப்பறை ஒன்றும் மாறியிருக்காது.

வேலைவாய்ப்புக் கணக்கிலும் கவனம். 60 பேர் படிக்கிற வகுப்பில் 20 பேரை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று பதிவு செய்து, 18 பேருக்கு வேலை கிடைத்தால் விளம்பரத்தில் 90 சதவீதம், உண்மையில் 30. சராசரிச் சம்பளமும் அப்படித்தான்: ஒன்பது பேர் ஒரு பங்கு வாங்க, ஒருவர் மட்டும் பதினோரு பங்கு வாங்கினால் சராசரி இரண்டு பங்கு, ஆனால் அந்த இரண்டு பங்கை வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் யாருமே இல்லை. சம்பள வரிசையில் நடுவில் நிற்கிறவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்புறம், நேரில் போங்கள், சேர்க்கைக்காக அவர்கள் அலங்கரித்து வைத்திருக்கும் நாளில் அல்ல, சாதாரண வேலை நாளில். என் மகனோடு போனபோது எல்லாக் கேள்வியையும் நானே கேட்டேன் (பழக்கதோஷம்), அவன் பாட்டுக்குத் துறை அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தான். எரிச்சலாக இருந்தது. வெளியே வந்ததும் சொன்னான், அதில் ஒட்டியிருந்த கடைசி அறிவிப்பே போன வருஷத்தது என்று. நான் கேட்டு வாங்கிய அத்தனை பதிலையும் விட அது பெரிய தகவல். அதனால் நீங்கள் பத்தடி பின்னால் நில்லுங்கள். அவளே இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் கேட்கட்டும்: போன வாரம் எத்தனை வகுப்பு நடக்கவில்லை, லேபில் நீங்களே கருவியைத் தொட்டுச் செய்கிறீர்களா, இல்லை பின்னால் நின்று எட்டிப்பார்க்கிறீர்களா?

பணம் எவ்வளவு முடியும், விடுதிக்கு அனுப்புவீர்களா மாட்டீர்களா என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவள் ஆசைப்பட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிறகு சொல்வது அநியாயம்.

தோழி விஷயத்தைக் கேலி செய்யாதீர்கள். தெரியாத இடத்தில் தனியாகச் சாப்பிட உட்காரும் பயம் அந்த வயதில் நிஜமானது. ஆனால் தோழி அதே பாடத்தில்தான் சேர்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் கட்டடமே வேறாக இருக்கும். அதையும் தெரிந்துகொண்டு அவள் அதே பெயரைச் சொன்னால், அந்தக் கல்லூரிக்கும் ஒரு வேலை நாளில் போய்ப் பாருங்கள், உங்கள் பதினொன்றில் அது இல்லாவிட்டாலும்.