4 டிஸ்க்கில் ரெய்ட் போடும்போது எந்த செட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது?

4 டிபி டிஸ்க் நான்கு வாங்கியாச்சு, கடையின் பில்லிங் டேட்டாபேஸுக்கு ரெய்ட் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) 5 போடலாமா 10 போடலாமா, ஸ்ட்ரைப் சைஸ் (ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிரித்து எழுதும் துண்டின் அளவு) எவ்வளவு, ரைட் பேக் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பில்லிங் என்றால் யோசிக்கவே வேண்டாம், 10. ரெய்ட் 5-இல் 12 டிபி கிடைக்கும், 10-இல் 8 தான், அந்த 4 டிபிக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் 5-இல் போய் விழுகிறார்கள். ஆனால் பில்லிங்கில் எல்லாமே சின்னச் சின்ன ரைட், அதாவது எழுதும் வேலை. அப்படி ஒன்று வந்தால் ரெய்ட் 5 பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் (டிஸ்க் போனால் டேட்டாவை மீட்பதற்கான கணக்கு) படித்து, கணக்குப் போட்டு, புதிய டேட்டாவையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும், ஆக நாலு வேலை. 10-இல் ஒரே டேட்டா ஜோடியாக இரண்டு டிஸ்க்கில் இருக்கும், அந்த இரண்டில் எழுதினால் முடிந்தது. டிஸ்க் ஒன்று போனாலும், புது டிஸ்க்கை நிரப்ப 10-இல் அதன் ஜோடியைப் படித்தால் போதும். 5-இல் மீதி மூன்றையும் முழுசாகப் படித்தாக வேண்டும், அதற்குள் இன்னொன்று போனால் கதை முடிந்தது. நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடினாலே 4 டிபிக்கு 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடை திறந்திருக்கும்போது அந்த வேகம் கிடைக்கவும் கிடைக்காது.

ஸ்ட்ரைப் சைஸ் பற்றி ரொம்பக் குழம்பாதீர்கள், ரெய்ட் கார்டு (டிஸ்க்குகளை நடத்தும் கார்டு) காட்டுவதையே விட்டுவிடுங்கள்.

நிஜமாகக் கவனிக்க வேண்டியது ரைட் பேக். அதை வைத்தால், டேட்டா கார்டின் மெமரிக்கு வந்ததுமே 'எழுதியாச்சு' என்று கார்டு சொல்லிவிடும், டிஸ்க்குக்குப் போவது அப்புறம்தான். நடுவில் கரண்ட் போனால் அதைக் காப்பாற்றுவது கார்டில் இருக்கும் பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் பெரும்பாலான கார்டுகள் தானாகவே ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே 'எழுதியாச்சு' என்று சொல்வது) மாறும், வேகம் படுத்துவிடும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. புது பேட்டரி வர பத்து நாள் ஆகும் என்றார்கள், பில் போட லேட்டாகிறது என்று கவுன்டரிலிருந்து ஒரே திட்டு, நான் பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக் என்ற ஆப்ஷனை டிக் செய்துவிட்டேன். யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த யுபிஎஸ்ஸே படுத்துக்கொண்டது. டேட்டாபேஸ் திறக்கவில்லை. முந்தின ராத்திரி எடுத்த பேக்கப்பைப் போட்டு, அன்றைய பில் முழுவதையும் கார்பன் காப்பியைப் பார்த்து இரண்டு பேர் விடிய விடிய அடித்தோம்.

அதனால் கார்டில் பேட்டரி இருக்கிறதா, அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ரைட் த்ரூ, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. டிஸ்க்கின் சொந்த கேஷையும் (டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக மெமரி) ஆஃப் செய்துவிடுங்கள், கார்டின் பேட்டரி அதைக் காப்பாற்றாது.