ஓட்டு வீட்டுக் கூரையை மாற்றுவது: ஒரே வீட்டுக்கு இரண்டு முறை கூரை மாற்றியவனின் பதில்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. மழை பெய்தால் முற்றத்து மூலைகளில் ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாமா, கலர் ஷீட் போடலாமா, மறுபடியும் ஓடே போடலாமா? ஆவணி பிறந்துவிட்டது, ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

உங்கள் கேள்வியில் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது ‘ஐப்பசிக்குள்’ என்ற சொல்தான். நான் பொறியாளன் அல்லன். மன்னார்குடிப் பக்கம் பாமணி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஆனால் ஒரே வீட்டின் இரண்டு கட்டுகளுக்கு மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு விதமாகக் கூரை மாற்றியிருக்கிறேன். பின்கட்டை அவசரத்தில் கெடுத்தேன், முன்கட்டு தேறியது.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நாங்கள் எதிர்வீட்டுக் கான்கிரீட் கட்டடத்தில் இருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓட்டுக்குப் பரிந்து பேசுகிறவன் புயலைப் பார்க்காதவன் என்று யாரேனும் பின்னூட்டம் எழுதுவார்கள். காலையில் வந்து பார்த்தபோது வாசலில் ஓட்டுச் சில்லு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. ஆனால் கூரை முழுவதும் பறந்துவிடவில்லை. உச்சியில் இருக்கும் மோட்டு ஓடுகளும், சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைகளும்தான் போயிருந்தன, நடுவில் இருந்தவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. காற்று கூரையின் விளிம்பைத்தான் முதலில் தூக்கும் என்பதும், அந்த வரிசைகளை மட்டும் கம்பியால் கட்டியிருந்தால் பாதிச் சேதம் குறைந்திருக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

தை வரைக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினோம். ஊர் முழுக்கக் கூரை இல்லாத நேரத்தில் ஆள் கிடைப்பதே அரிது என்பதால், முதலில் வந்த ஒப்பந்தக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். மரம் எல்லாம் உளுத்துவிட்டது என்றார், பிரிப்புக் கூலி வேண்டாம், பழைய மரத்தையும் ஓட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அது லாபமாகக்கூடத் தோன்றியது. பின்கட்டு முழுவதையும் பிரித்து இரும்புக் குழாயில் சட்டம் அடித்துக் கலர் ஷீட் போட்டார். ஷீட்டின் நீளத்தை மிச்சப்படுத்துவதற்காக ஓட்டுக்கு இருந்த வாட்டத்தை, அதாவது சரிவை, பாதியாகக் குறைத்துவிட்டார் என்பதை நான் கவனிக்கவில்லை. முன்கட்டின் ஓட்டிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீர் அந்தத் தட்டையான ஷீட்டில் வந்து தேங்கிச் சுவருக்குள் ஏறியது; ஒழுகலை நிறுத்தப் போட்ட கூரை, அதற்கு முன் ஒழுகாத இடத்தில் ஒழுகத் தொடங்கியது. திருகாணிகளின் அடியில் இருந்த ரப்பர் வளையங்கள் வெயிலில் வெடித்த பிறகு ஒவ்வோர் ஆணியும் ஒரு துளை ஆயிற்று. சித்திரையில் பகல் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பின்கட்டில் உட்கார முடிவதில்லை. ஷீட்டை நான் மொத்தமாகக் குறை சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகைக்கும் நெல் மூட்டை அடுக்கும் இடத்துக்கும் அதைவிட மலிவானது இல்லை. ஆனால் மனிதர் படுத்து எழும் அறைக்கு, கீழே ஒரு தடுப்பு இல்லாமல், அது சரிவராது.

உளுத்த மரத்தின் கதையையும் கேளுங்கள். பின்கட்டுத் தாழ்வாரத்து உத்தரத்தில் என் அப்பாயி ஊஞ்சல் கட்டியிருந்தார். இரும்பு வளையம் மாட்டிய இரண்டு துளைகளும் சங்கிலி உராய்ந்து உள்வாங்கிப் பளபளவென்று இருக்கும். ஓராண்டு கழித்து, கதவுக்கு மரம் பார்ப்பதற்காகக் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு பழைய மரக்கடைக்குப் போனபோது, அந்த இரண்டு துளைகளோடு ஓர் உத்தரம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு, சுண்ணக்கட்டியால் விலை எழுதப்பட்டிருந்தது. “நல்ல பர்மா தேக்குங்க சார், இன்னும் நூறு வருசம் தாங்கும்” என்று கடைக்காரர் என்னிடமே சொன்னார். அந்த ஒரு கட்டையின் விலை, எனக்கு மிச்சம் என்று நான் நினைத்த பிரிப்புக் கூலியைப் போல நான்கு மடங்கு. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க முடியும்? ஆகவே, பிரித்த மரமும் ஓடும் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதி வாங்குங்கள்.

கான்கிரீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி முன்கட்டுக்கு அதைத்தான் வற்புறுத்தினான். நான் சொன்ன கணக்கு இதுதான்: எங்கள் வீட்டில் இருப்பது தொழிற்சாலையில் செய்யும் சீமை ஓடு, நூறு சதுர அடிக் கூரையில் ஏறத்தாழ 150 ஓடுகள் இருக்கும், ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்றால் 375 கிலோ, அதே நூறு சதுர அடிக்கு நாலரை அங்குலக் கான்கிரீட் போட்டால் இரண்டரை டன்னுக்கு மேல் வரும், மேலே தட்டோடு பதிப்பது தனி. நம் பக்கத்துப் பழைய சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லைச் சேற்றில் வைத்துக் கட்டி, மேலே மட்டும் சுண்ணாம்பு பூசியவை. சந்தேகம் இருந்தால் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்த்துக் கல்லிடுக்கை ஓர் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மண் உதிர்ந்தால் அந்தச் சுவரின் மேல் தளம் ஏற்றக் கூடாது. போதாததற்கு நம் மண் களிமண், கோடையில் வெடித்து மழையில் உப்பும். அஸ்திவாரத்திலிருந்து தனியாகப் பில்லர் எழுப்பித் தளம் போடலாம், ஆனால் அதற்குப் பெயர் கூரை மாற்றுவது அல்ல, புது வீடு கட்டுவது. இவ்வளவும் எழுதிய பிறகும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏழு பேர் கான்கிரீட்டுக்கே கைதூக்கினார்கள். அவர்களில் ஐந்து பேர் பத்தாண்டுகளாக ஒரு தீபாவளிக்குக்கூட அந்த வீட்டில் படுத்ததில்லை. போகட்டும். ஆனால் பத்திரத்தில் பங்காளிகள் பெயர் இருந்தால், ஓடு பிரிக்கும் முன் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு செய்த பிறகு வரும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

முன்கட்டுக்கு 2022ஆம் ஆண்டு மாசியில் கைவைத்தோம். எழுபது வயது ஆசாரி ஒருவர் வந்தார். அவர் முழுக்கூரையையும் பிரிக்கவில்லை. சுவரை ஒட்டிய ஒரு வரிசை ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு, சரிவாகப் படுத்துக் கூரையைத் தாங்கும் ஒவ்வொரு கைமரத்தையும் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார், பிறகு சுவருக்குள் புதைந்த முனையில் உளியை இறக்கிப் பார்த்தார். கரையான் மண்சுவர் வழியாக ஏறி அந்த முனையைத்தான் முதலில் தின்னும் என்றார். நாற்பத்திரண்டு கைமரங்களில் ஒன்பதுக்கு மட்டும் உளி உள்ளே போயிற்று, அவற்றிலும் கெட்டது ஒன்றரை அடிதான். நடுப்பகுதி வைரம் பாய்ந்த பனை, உளி வழுக்கியது. ஒன்பதையும் முனையறுத்து ஒட்டுப் போட்டோம். கைமரங்களின் மேல் குறுக்கே அடித்து ஓட்டை உட்கார வைக்கும் ரீப்பர்கள் மட்டும் முழுவதும் புதிது. அதிலும், கஜாவில் விழுந்த தென்னையை அறுத்து வைத்திருந்ததைப் பயன்படுத்தலாம் என்று நான் சொன்னபோது அவர் ஒரு துண்டை எடுத்துக் கையாலேயே பிய்த்துக் காட்டினார்.

ஓட்டுக் கணக்கில் நானும் ஒரு பாடம் படித்தேன். கூடத்தின் தரையை அளந்தேன்: முப்பதுக்கு இருபது, 600 சதுர அடி, ஆகவே 900 ஓடு. ஆசாரி சிரித்தார். இருபுறமும் இறவாரம் இரண்டிரண்டு அடி வெளியே நீள்வதையும், சரிவில் அளந்தால் தரையைவிட நீளம் கூடும் என்பதையும் நான் மறந்திருந்தேன். முப்பது டிகிரி வாட்டத்துக்கு நூறு அடி நூற்றுப் பதினைந்தாகும். கணக்கு 830 சதுர அடிக்கு வந்து 1250 ஓட்டில் நின்றது, உடைசலுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்து 1400 சொன்னோம். அவற்றில் பாதிக்கு மேல் பழைய ஓடே தேறியது. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, கணீரென்று ஒலித்ததை ஒருபுறமும் சொத்தென்று ஒலித்ததை மறுபுறமும் என் பேத்தி அடுக்கினாள். பழையதையும் புதியதையும் கலந்துவிடாதீர்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பள்ளமும் மேடும் ஒரு நூல் மாறும், ஒன்றோடொன்று பொருந்தாமல் அந்த இடுக்கில் சாரல் புகும். நாங்கள் பழையதை முற்றத்துச் சரிவுக்கும் புதியதைத் தெருப்பக்கத்துக்கும் போட்டோம். விளிம்பு வரிசைகளை ஓட்டின் அடியில் இருக்கும் துளையில் கம்பி கோத்து ரீப்பரோடு கட்டினோம், மோட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பதித்தோம், கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்தோம்.

இதெல்லாம் சீமை ஓட்டுக்குச் சொன்னது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த தொழிலிலிருந்து பரவிய தட்டை ஓடு அது. திருப்பிப் பார்த்தால் அடியில் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது குயவர் வனைந்த குழல் போன்ற நாட்டு ஓடு என்றால் கணக்கே வேறு. பூனையும் அணிலும் நகர்த்துவதைச் சரிசெய்ய ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை அதைப் பிரித்து அடுக்கியாக வேண்டும், இன்று அந்த வேலைக்கு ஆளும் இல்லை. அப்படியானால் சீமை ஓட்டுக்கு மாறுங்கள்.

பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று சொல்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்: அடுத்த புயலுக்கு எதிர்வீட்டுக்கு ஓடக் கூடாது என்று கொல்லைப்பக்கம் தனிப் பில்லரில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கான்கிரீட் அறையும் கட்டியிருக்கிறேன். உங்களால் முடிந்தால் அதையும் திட்டத்தில் சேருங்கள்.

இனி உங்கள் வீடு. முற்றத்து மூலைகளில் மட்டும்தான் ஒழுகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சரிவுகள் சேரும் அந்த இடத்தைக் கூடல்வாய் என்போம். அங்கே ஓட்டின் அடியில் ஒரு தகரம் வாய்க்கால்போலப் போகும். எங்கள் வீட்டில் அது முக்கால் அடி அகலத்தில் துருப்பிடித்து, பூவரசு இலை மக்கி அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி அகலத்தில் ஓரம் மடித்த புதுத் தகரம் போட்ட பிறகு அந்த மூலைகள் ஒழுகவில்லை. உங்களுக்கும் நோய் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆவணியில் முழுக்கூரையைப் பிரித்தால், ஐப்பசி அடைமழை பாதி வேலையில் வந்து மண்சுவரை நனைக்கும். நனைந்த மண்சுவரை எந்தக் கூரையும் காப்பாற்றாது. இப்போது நான்கு மூலைத் தகரத்தையும் மாற்றுங்கள், நான்கைந்து நாள் வேலை. இந்த மழையில் வேறு எங்கெல்லாம் சொட்டுகிறது என்று தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். சம்பா அறுவடை முடிந்து மாசியில் ஆள் கிடைக்கும்போது அந்தக் குறிகளை ஆசாரியிடம் காட்டுங்கள். ஆடிக்காற்றுக்கு முன் முடிக்க ஐந்து மாதம் இருக்கும்.